ஓலைப்பெட்டி தேடித் திருச்செந்தூர்ப் பக்கம்: முதன்முறை போகிறவர்களுக்கு

முதல் தடவை போனபோது, "கைவினைப் பொருட்கள் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். எல்லோரும் கடையைக் கை காட்டினார்கள். கடையில் பேனா ஸ்டாண்டும் ஓலைப் பூவும் இருந்தன. மதியம் உடன்குடிப் பக்கம் ஒரு டீக்கடையில் கேள்வியை மாற்றினேன். "கருப்பட்டி போட்டு வைக்கிற பெட்டி இங்கே யார் முடைவாங்க?" டீ ஆறுவதற்குள் மூன்று பேர் வழி சொல்லிவிட்டார்கள்.

1. பெயரைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

பனையில் முடைவது எல்லாமே 'கூடை' இல்லை. சின்னதாக, கைக்கு அடக்கமாக இருப்பது கொட்டான். தலையில் சுமக்கிற அளவு பெரியது கடவம், சிலர் கடவப்பெட்டி என்பார்கள். மீனும் நெல்லும் எருவும் சுமந்தது அதுதான். பனைமட்டையிலிருந்து உரித்த நாரில் பின்னுவது நார்ப்பெட்டி. ஓலைப்பெட்டியைவிட அது பல மடங்கு உழைக்கும். புடைப்பதற்குச் சுளகு. பதநீர் குடிக்க, பச்சை ஓலையை மடித்துக் கட்டிய பட்டை.

ஓலையிலும் வித்தியாசம் உண்டு. விரியாத இளம் ஓலை குருத்தோலை. வெளிறிய நிறம், நன்றாக வளையும், நுணுக்கமான வேலை எல்லாம் அதில்தான். முற்றிய சாரோலை முரட்டுப் பெட்டிகளுக்கு. 'காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்' என்ற பழமொழியில் வருகிற காவோலை காய்ந்து தொங்குவது. அது அடுப்புக்குத்தான் போகும்.

2. காலம் பார்த்துப் போங்கள்

மாசியிலிருந்து ஆனி வரை போவது நல்லது. அதுதான் பதநீர்க் காலம், ஊரே பனையோடு இருக்கும். பாளை சீவத் தொடங்குமுன் மரத்தில் ஓலை கழிப்பார்கள். அதனால் முடைகிறவர்களுக்கும் ஓலைக்குப் பஞ்சம் இருக்காது. மழைக்காலத்தில் ஓலை காயாது, பூஞ்சை பிடிக்கும். குலசேகரப்பட்டினம் தசரா சமயத்தை மட்டும் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். முத்தாரம்மன் கோயிலுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். திருச்செந்தூரில் அறையே கிடைக்காது.

3. போகும் வழி

சென்னை எழும்பூரிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து என்றால் பஸ்ஸே போதும், சுமார் 60 கி.மீ. திருச்செந்தூரில் தங்கிக்கொண்டு ஒரு நாள் உடன்குடி, மறுநாள் மணப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பனை ஏறுகிறவர் வீட்டில் பெட்டி முடைகிற ஒருவராவது பெரும்பாலும் இருப்பார், அதனால் தேடலை அங்கே தொடங்குவது சுலபம். மணப்பாடு கடற்கரைக் கிராமம், திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறக்குறைய 18 கி.மீ. மணல்மேட்டின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயிலைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். கீழே ஊருக்குள் மீனவக் குடும்பத்துப் பெண்கள் சாயம் தோய்த்த ஓலையில் பெட்டி முடைவதைப் பார்க்காமலே திரும்பியும் போய்விடுகிறார்கள்.

4. உட்காருங்கள்

இதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு ஓடுவதாக இருந்தால் போகவே வேண்டாம்.

எனக்கு வழி சொன்ன வீட்டில் ஓர் ஆச்சி திண்ணையில் இருந்தார். "எய்யா, ஒனக்கு எதுக்குப் பெட்டி?" என்றார். வீட்டில் கருப்பட்டி வைக்க என்றேன். "அப்போ மூடி வேணும்லா" என்று உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். அலங்காரத்துக்கு என்று சொல்லியிருந்தால் என்ன வந்திருக்குமோ!

அங்கே கவனிக்க வேண்டியது இதைத்தான்: காயவைத்த ஓலையிலிருந்து முதலில் ஈர்க்கை எடுத்துவிடுகிறார்கள். பிறகு ஒரே அகலத்தில் வார்கிறார்கள். அகலம் கொஞ்சம் பிசகினாலும் பெட்டி கோணும். நிறம் வேண்டுமென்றால் கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுத்து நிழலில் உலர்த்துவார்கள். முடையும்போது ஓலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மடிக்கிற இடத்தில் ஒடியும். அடிப்பகுதி சதுரமாகத்தான் தொடங்கும். நான்கு மூலையிலும் ஓலை மேலே திரும்பி ஏற ஏற, வாய் வட்டமாகிவிடும். அந்தத் திருப்பத்தை நான் நான்கு தடவை பார்த்தேன், இன்னும் பிடிபடவில்லை. நீங்களும் முடைந்து பாருங்கள். மூன்று வரிசையில் விரல் எரியும், பேரம் பேசுகிற ஆசையும் போய்விடும்.

5. வாங்கும்போது

பெட்டியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளி தெரியக்கூடாது. விளிம்பை அழுத்திப் பாருங்கள், முதலில் பிரிவது அதுதான். சாயப்பெட்டி என்றால் ஈரவிரலால் தேய்த்துப் பார்க்கலாம். ஒரே ஒரு பெட்டிக்குப் பேரம் வேண்டாம், கேட்ட விலையைக் கொடுங்கள். வேறு அளவு வேண்டுமானால் முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு பிரதி அச்சிட்டுத் தபாலில் அனுப்பினால், அடுத்த முறை வாசலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

6. வீட்டுக்கு வந்தபின்

ரயிலில் நசுங்காமலிருக்க ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குங்கள், நடுவில் துணி வையுங்கள். வீட்டில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், ஓலைக்குக் காற்று வேண்டும். கழுவவே கூடாது, துடைத்தால் போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு காலை வெயில் காட்டுங்கள்.

அப்புறம், கிளம்புகிற அன்று காலை வெயில் ஏறுமுன் சாலையோரம் பதநீர் கிடைத்தால் டம்ளரில் வாங்காதீர்கள். பட்டையில் கேளுங்கள்.