நெட்வொர்க் அடாப்டர் வேகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெகாபிட், மெகாபைட் குழப்பத்தை இங்கே எடுக்கவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததே. நெட்வொர்க் அடாப்டர், அதாவது கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் கார்டின் வேகத்தைப் பார்ப்பதில், புதிதாக நெட்வொர்க் வேலைக்கு வருபவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு.

ஸ்பீடு டெஸ்ட் பார்த்துவிட்டு அடாப்டரைக் குறை சொல்வது

ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது இணைய இணைப்பின் வேகம். அடாப்டரும், கணினிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டியான சுவிட்சும் எந்த வேகத்தில் கைகோத்திருக்கின்றன என்பதே லிங்க் ஸ்பீடு. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, 'என்சிபிஏ.சிபிஎல்' கொடுத்து, ஈதர்நெட்டை இருமுறை கிளிக் செய்தால் ஸ்டேட்டஸ் பெட்டியில் தெரியும். லினக்ஸில் 'ஈத்டூல்' கட்டளையோடு இன்டர்ஃபேஸ் பெயரைக் கொடுங்கள்; வேகத்தோடு டூப்ளெக்ஸும் வரும், அதாவது தரவு ஒரே நேரத்தில் இரு திசையிலும் போகிறதா (ஃபுல்), மாறி மாறிப் போகிறதா (ஹாஃப்) என்பது.

மெய்நிகர் அடாப்டரின் எண்ணை நம்புவது

விண்டோஸின் ஹைப்பர்-வி மென்பொருள் உருவாக்கும் அடாப்டர் 10 ஜிகாபிட் என்று காட்டலாம். கார்டுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

100 என்று கண்டதும் வேகத்தைக் கையால் பூட்டுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் வீண்செலவு முழுக்க இதில்தான். கார்டு ஜிகாபிட், சுவிட்ச் ஜிகாபிட், ஆனால் லிங்க் 100 மெகாபிட். உடனே டிவைஸ் மேனேஜரில் அட்வான்ஸ்டு டேபைத் திறந்து, 'ஸ்பீடு அண்டு டூப்ளெக்ஸ்' என்பதை ஆட்டோவிலிருந்து (இரு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவுசெய்வது) 1 ஜிகாபிட்டுக்கு மாற்றுகிறார்கள். லிங்க் விளக்கே அணைந்துவிடுகிறது. கார்டு போய்விட்டது என்று புதுக் கார்டு வருகிறது. அதுவும் 100தான் காட்டுகிறது. அடுத்து சுவிட்சின் மேல் பழி விழுகிறது.

பழுது பெரும்பாலும் கேபிளில். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்களில் ஓடும் இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று தொடாமல் போனாலும் ஜிகாபிட் லிங்க் எழாது. பல அடாப்டர்கள் முயன்று பார்த்துவிட்டு 100க்கு இறங்கிக்கொள்ளும். கேபிள் முனையில் உள்ள ஆர்ஜே45 கனெக்டரை முன்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எட்டுச் செம்பு முனைகளும் கடைசிவரை போயிருக்க வேண்டும். ஒரு பழுப்புக் கம்பி சற்றுப் பின்தங்கியிருந்தாலே போதும், வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். நல்லதென்று தெரிந்த வேறு கேபிளை மாற்றிப் போடுங்கள். 1000 வந்தால், பழைய கேபிளின் முனையை வெட்டி, புதுக் கனெக்டரை அழுத்திப் பொருத்துங்கள் (கிரிம்ப்). வராவிட்டால் சுவரில் உள்ள ஜாக்கைச் சோதியுங்கள்.

இதைவிட மோசம், கணினியில் மட்டும் '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று பூட்டிவிட்டு, சுவிட்சை ஆட்டோவிலேயே விடுவது. பூட்டிய முனை பேச்சுவார்த்தைக்கு வராது. சுவிட்ச் சிக்னலைப் பார்த்து வேகத்தைக் கண்டுபிடிக்கும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. விதிப்படி ஹாஃபுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் 100 என்றே காட்டும். பிங் என்ற சிறு சோதனைச் செய்தி சுத்தமாகப் போகும். பெரிய ஃபைலை நகலெடுக்கத் தொடங்கியதும் ஊர்ந்து நிற்கும். சுவிட்சின் கவுன்ட்டரில் லேட் கொலிஷன் (தாமதமாக நேரும் தரவு மோதல்) ஏறும், கணினிப் பக்கம் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு) ஏறும். விண்டோஸ் ஸ்டேட்டஸ் பெட்டியில் டூப்ளெக்ஸ் தெரியாததால், அதை மட்டும் பார்ப்பவர் பொழுதெல்லாம் டிரைவரை நோண்டிக்கொண்டிருப்பார். இரு முனையும் ஆட்டோ. பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரு முனையும் ஒரே அமைப்பில். செம்புக் கேபிளில் ஜிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம் என்பதால், அங்கே பூட்டி எதுவும் கிடைக்காது.

யூஎஸ்பி போர்ட்டைக் கவனிக்காமல் விடுவது

ஜிகாபிட் யூஎஸ்பி அடாப்டரை 2.0 போர்ட்டில் செருகினாலும் லிங்க் 1 ஜிகாபிட் என்றே காட்டும். ஆனால் அந்த போர்ட்டின் உச்சமே 480 மெகாபிட். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. 3.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

வைஃபை லிங்க் ஸ்பீடை அப்படியே எடுத்துக்கொள்வது

866 மெகாபிட் காட்டினால், அதில் பாதி கிடைத்தாலே நல்லது.

லிங்க் ஸ்பீடோடு நிறுத்திவிடுவது

இரண்டு கணினிகளில், அவற்றுக்கு இடையிலான உண்மையான வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை நிறுவி, ஒன்றை சர்வராக்கி மற்றதிலிருந்து ஓட்டுங்கள். ஜிகாபிட் லிங்கில் 940 மெகாபிட் சுற்றி வர வேண்டும். பின்பு திசையை மாற்றியும் ஓட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் மறுபடி கேபிளிலிருந்தே தொடங்குங்கள்.