காசுக்குக் கம்பு: அறிவைப் பதுக்கும் குழுவை அறிபுனைவில் கட்டுவது எப்படி

உலகம் சரிந்து இருநூறு ஆண்டு கழித்து நடக்கும் கதைகளில் ஒரு கூட்டம் தவறாமல் வந்துவிடும். நிலத்தடி மண்டபம், நீள அங்கி, மெழுகுவத்தி, சுவர் நிறையப் புத்தகம். அத்தனை காலமும் அந்தப் புத்தகங்களை யார் படியெடுத்தார்கள், படியெடுத்தவர்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று மட்டும் கதை சொல்லாது. இந்த இரண்டு கேள்விக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குழுவின் வடிவம், தொழில், ரகசியம் எல்லாம் அங்கிருந்தே வரும். அங்கியின் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சோற்றுக் கணக்கு

ஒரு புத்தகம் 300 பக்கம், பக்கத்துக்கு 250 சொல் என்றால் 75,000 சொல். நாளுக்கு 2,000 சொல் தெளிவாக எழுதும் கைக்கு அது 38 நாள் வேலை. ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் ஒப்புநோக்கித் திருத்த இன்னும் 5 ஆள்நாள் போகும். ஆக ஒரு படிக்கு 43. நூலகத்தில் 400 புத்தகம் இருந்தால் 17,200 ஆள்நாள். ஆண்டுக்கு 250 வேலைநாள் என்று வைத்தால் ஒருவருடைய 69 ஆண்டு உழைப்பு அது. எல்லாவற்றுக்கும் மூன்று படி வேண்டும், கையால் செய்த சுமாரான தாள் 60 ஆண்டு தாங்கும் என்று கொண்டால், எந்த நேரமும் நான்கு பேர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

தாள் செய்ய, மை காய்ச்ச, சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க இன்னொரு நான்கு பேர். இந்த எட்டுப் பேரும் ஏர் பிடிக்காதவர்கள். இயந்திரம் இல்லாத வேளாண்மையில் பத்துப் பேரில் எட்டு அல்லது ஒன்பது பேர் நிலத்தில்தான் இருப்பார்கள். அதாவது 40 முதல் 80 பேர் கொண்ட ஓர் ஊரின் உபரி முழுவதையும் உங்கள் நூலகமே தின்றுவிடுகிறது. அந்த ஊரில் கொல்லர் இல்லை, குயவர் இல்லை, காவலும் இல்லை.

இங்கே இரண்டு வழி உண்டு. நூலகத்தை 40 புத்தகமாகச் சுருக்கலாம். அல்லது குழுவுக்கு வரும்படி தரும் ஒரு தொழிலைக் கொடுக்கலாம். நல்ல கதைக்கு இரண்டும் வேண்டும். எல்லாருக்கும் தேவைப்படுகிற, ஊர் ஊராகப் போகக் காரணம் தருகிற தொழிலாகப் பாருங்கள். மருத்துவச்சி, கிணறு வெட்டுபவர், தானிய வியாபாரி யாராக இருந்தாலும் சரி. இந்தக் கட்டுரையில் தானிய வியாபாரிகளையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காரணம் பின்னால் வருகிறது.

எந்த நாற்பது?

சொல்லச் சுருக்கமாகவும் கண்டுபிடிக்க நெடுங்காலம் பிடிப்பதாகவும் உள்ள அறிவுக்கு முதலிடம். உதாரணம், துல்லியமான தட்டைப் பரப்பு. இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்து, உயர்ந்த இடங்களைச் சுரண்டிக்கொண்டே போனால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் தட்டையாக இருக்க வேண்டியதில்லை. ஒன்று லேசாகப் புடைத்து, மற்றது அதே அளவு குழிந்திருக்கலாம். மூன்றாவது தட்டு ஒன்றைச் சேர்த்து மாற்றி மாற்றிப் பொருத்தினால், மூன்றும் தட்டையாக இருந்தால்தான் எந்த இரண்டும் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசப் விட்வொர்த் பரப்பிய முறை இது. நான்கு வாக்கியத்தில் அடங்குகிற இந்த விஷயம் தெரியாமல் நல்ல கடைசல் இயந்திரமும் இல்லை, அளவுகோலும் இல்லை. இப்படி ஒரு பக்கத்தைக் காக்க உங்கள் பாத்திரம் உயிரைக் கொடுத்தால் வாசகர் நம்புவார். கலைக்களஞ்சியத்தின் பன்னிரண்டாம் தொகுதிக்காகச் செத்தால் கொட்டாவி விடுவார்.

'என்ன செய்வது' மட்டும் எழுதிவைத்த குறிப்பு சீக்கிரம் கெட்டுப்போகும். நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய்க்குப் புளிப்புப் பழம் மருந்து என்று மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் கப்பலில் சோதித்துக் காட்டினார். 1795-இல் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் அதற்குப் பதிலாகச் சத்துக் குறைந்த வேறொரு வகை எலுமிச்சை வந்தது. நீராவிக் கப்பல்களால் பயணம் குறுகிவிட்டதால் புதிய சாற்றின் பலவீனம் யார் கண்ணிலும் படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அண்டார்க்டிக்கா போனவர்களில் பலர் ஸ்கர்வியைக் கெட்ட இறைச்சியால் வருகிற நோய் என்றே நம்பினார்கள். கையிலிருந்த விடை இப்படித்தான் நழுவியது. ஏன் வேலை செய்கிறது என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே உங்கள் குழுவின் ஏட்டில் ஒவ்வொரு செய்முறைக்கும் கீழே, சரியாக வந்தால் எப்படித் தெரியும், தவறினால் என்ன ஆகும், இதைச் சந்தேகிப்பவர் ஒரு வாரத்தில் எப்படிச் சோதிக்கலாம் என்பதும் இருக்கட்டும். கதையில் இரண்டு பிரிவு சண்டை போடும்போது இந்தச் சோதனை வரிகள்தான் கைகொடுக்கும். ஒரு பிரிவு அவற்றை மந்திரம்போல ஓதும், மற்றொன்று அடுப்பு மூட்டிச் செய்துபார்க்கும்.

எழுத்துக்குள் வராத பகுதியையும் மறக்காதீர்கள். அமெரிக்க அணு ஆயுதம் ஒன்றில் பயன்பட்ட ஃபாக்பேங்க் என்ற பொருளைப் பல ஆண்டு கழித்து மீண்டும் செய்ய முயன்றபோது, பழைய ஆட்கள் பலர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்கள், குறிப்புகளும் போதவில்லை. புதிய ஆலையின் சுத்தம் பழைய மூலப்பொருளில் இருந்த ஓர் அசுத்தத்தை நீக்கிவிட்டது. அந்த அசுத்தம்தான் தேவைப்பட்டது. பழைய ஆட்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

எதில் எழுதுவது

கணினி வட்டுகளை உடனே கைவிடுங்கள். சில பத்தாண்டுக்குமேல் எதையும் நம்ப முடியாது, மின்சாரமின்றிக் கிடக்கும் ஃபிளாஷ் நினைவகம் அதற்கும் முன்பே மறக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்த மலிவான மரக்கூழ்த் தாளில் அமிலம் இருப்பதால் நொறுங்கிப் போயிருக்கும். அமிலமற்ற தாளில் அச்சான நூல்கள் எஞ்சலாம். பாலியெஸ்டர் நுண்படச்சுருள் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் 500 ஆண்டு தாங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதைப் படிக்க வெயிலும் நல்ல கண்ணாடி வில்லையும் போதும். அப்படியானால் குழுவின் விலையுயர்ந்த சொத்து அந்த வில்லைதான்.

மைக்கு மாசிக்காய் 90 கிராமை இடித்து ஒரு லிட்டர் நீரில் சில நாள் ஊறவைத்து வடிகட்டி, அன்னபேதி என்ற இரும்பு உப்பு 30 கிராம், கருவேலம் பிசின் 30 கிராம் கலக்கலாம். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கறுக்கும். கறுப்பு போதவில்லை என்று எவனாவது அன்னபேதியைக் கூட்டினால் சில தலைமுறைக்குப் பிறகு எழுத்து இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். விளக்குப் புகைக்கரியும் பிசினும் கலந்த மை தாளை அரிக்காது, மங்காது. ஆனால் நனைந்தால் கரையும். வெள்ளம் வரும் ஊரா, வறண்ட ஊரா என்பதைப் பார்த்து மையைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது அந்த நிலத்தடி மண்டபம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், நிலவறையில் அது சர்வசாதாரணம். சீனாவின் துன்ஹுவாங் குகையில் பதினோராம் நூற்றாண்டில் அடைக்கப்பட்ட சுவடிகள் 1900-இல் நல்ல நிலையில் கிடைத்தன என்றால், சுற்றிலும் பாலைவனம் இருந்தது. தானிய வியாபாரியைத் தேர்ந்த காரணம் இதுதான். தானியக் களஞ்சியம் ஏற்கெனவே ஈரம் புகாமல், தரையை விட்டு உயரத்தில், எலி ஏறாதபடி கட்டப்படுவது. அதன் மேல்தளத்தில் ஏடு இருந்தால் காவல் போடுவதற்கும் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். பூச்சி மட்டும் தானியத்திலிருந்து ஏட்டுக்குத் தாவும், அதைக் கதையில் விடாதீர்கள்.

பிழையைப் பிடிக்கும் பொறி

ஆயிரம் சொல்லுக்கு ஒரு பிழை என்பது நல்ல கைதான். ஆனாலும் ஒரு புத்தகத்தில் 75 பிழை, ஒப்புநோக்காமல் ஐந்து முறை படியெடுத்தால் சுமார் 375. உரைநடையில் பிழை விழுந்தால் வாசகர் ஊகித்துவிடுவார். மருந்தளவில் விழுந்தால் ஆள் சாவான். யூத மறைநூலைப் படியெடுத்துக் காத்த மசோரெட்டுகள் அதன் எழுத்துகளை எண்ணிக் குறித்துவைத்தார்கள். வேத பாடத்தின் கன முறையில் சொற்கள் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று முன்னும் பின்னும் பின்னப்படுவதால் ஒன்று நழுவினால் ஓசை காட்டிக்கொடுக்கும். தமிழில் எழுதுபவருக்கு இன்னும் அருமையான கருவி கையருகிலேயே இருக்கிறது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கம், இடையில் ஒரு பாட்டுத் தொலைந்தால் சங்கிலி அறுந்தது தெரிந்துவிடும். வெண்பாவில் ஒரு சீர் மாறினால் பெரும்பாலும் தளை தட்டும்.

எண்களுக்கு இது போதாது. 'ஐந்து' இருந்த இடத்தில் வேறோர் எண் தளை தட்டாமல் உட்கார்ந்துகொள்ளும். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறை இதற்காகவே உண்டு. கர்நாடக இசையில் மேசகல்யாணி 65-ஆவது மேளகர்த்தா ராகம் என்பதை அதன் முதல் இரண்டு எழுத்தே சொல்லும். ஆனால் அது கிரந்த, நாகரி வரிசைக்கான கணக்கு, தமிழின் ஒற்றைக் ககரத்தில் ஓடாது. கதைக்காக இப்படி ஒன்றை வகுக்கலாம்: க 1, ச 2, ட 3, த 4, ப 5, ற 6, ய 7, ர 8, ல 9, வ 0. மெல்லினம், ளகரம், தனி உயிர், புள்ளி வைத்த மெய் எதற்கும் மதிப்பில்லை. ழகரத்தை ஒதுக்கி வையுங்கள், கீழே வேலை இருக்கிறது. எண்களை இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும்.

அறுவைக் கருவிகளை அழுத்தக் கலத்தில் நீராவியால் தூய்மைப்படுத்த 121 பாகை செல்சியஸ், 15 நிமிடம் என்பது நடைமுறை அளவு. 121-க்கு 'காசுக்கு' (கா 1, சு 2, கு 1). 15-க்குக் 'கம்பு' (க 1, பு 5). 'காசுக்குக் கம்பு' என்று தெருவில் கூவிப் போகும் வியாபாரியை யார் சந்தேகிப்பார்கள்? முதல் அத்தியாயத்தில் இதைக் கூவவிட்டு, முப்பதாவது அத்தியாயத்தில் அறுவைக் கூடத்தில் அவிழுங்கள்.

எதை, எவ்வளவு மறைப்பது

ரகசியமும் பாதுகாப்பும் பங்காளிச் சண்டைக்காரர்கள். ஒன்றுக்குக் கூட்டினால் மற்றதற்குக் குறையும். எதிரிக் கப்பல்களை எரிக்கப் பைசாந்தியர்கள் வைத்திருந்த கிரேக்க நெருப்பின் செய்முறை மிகச் சிலரிடமே இருந்தது, அவர்களோடு போய்விட்டது. ஈஸ்டர் தீவின் ரொங்கோரொங்கோ எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 1862-இல் தொடங்கிய அடிமை வேட்டையிலும் அதைத் தொடர்ந்த நோயிலும் அழிந்தார்கள். பலகைகள் இன்றும் இருக்கின்றன, படிக்க ஆளில்லை. மறுபுறம், ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலை 1710-இல் தன் செய்முறையைக் கட்டிக் காத்தபடி தொடங்கியது. பத்தே ஆண்டுக்குள் ஓடிப்போன ஆட்களின் உதவியோடு வியன்னாவில் போட்டி ஆலை நடந்தது. வரும்படி தரும் ரகசியம் கசியும், வரும்படி தராதது மறக்கப்படும். உங்கள் குழுவை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். செய்முறைகளை முடிந்தவரை பாட்டாகவும் கூவலாகவும் ஊரில் பரப்பிவிட்டு, அவற்றை அவிழ்க்கும் திறவுகோலையும் ஏடு இருக்கும் இடத்தையும் மட்டும் மறைத்தால் போதும்.

திறவுகோலை ஒருவரிடம் கொடுத்தால் அவர் செத்தால் போயிற்று. எல்லாரும் கூடினால்தான் திறக்கும் என்று வைத்தால் அதைவிட மோசம். தேவாரம் பாடிய மூவரும் வந்தால்தான் ஏட்டறையைத் திறப்போம் என்று தில்லையில் சொன்ன கதை தெரிந்ததுதானே. மூவரும் எப்போதோ மறைந்துவிட்டார்கள், சிலைகளைக் கொண்டுவந்து நிறுத்தித் திறந்தபோது தேவார ஏடுகள் பெரும்பாலும் செல்லரித்துக் கிடந்தனவாம்.

மூவரில் எந்த இருவர் கூடினாலும் திறக்கும் வழியை மறையீட்டு அறிஞர் ஆதி ஷமீர் 1979-இல் கொடுத்தார். கணினி இல்லாமலும் செய்யலாம். 0 முதல் 10 வரை எண் போட்ட வட்டத்தை வரையுங்கள், பத்துக்குப் பிறகு மீண்டும் 0. ரகசிய எண் 7. குருட்டாம்போக்கில் ஒரு தாவல் எண், 4 என்று வையுங்கள். 7-இலிருந்து நான்கு நான்காகத் தாவினால் முதல் ஆளுக்கு 0, இரண்டாமவருக்கு 4, மூன்றாமவருக்கு 8. இரண்டாமவரும் மூன்றாமவரும் சந்தித்தால் தாவல் 4 என்று தெரியும். 4-இலிருந்து இரண்டு தாவல் பின்னால் போனால் 0, பிறகு 7. தன் பங்கு எண்ணை மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, பதினொரு எண்ணும் அவருக்குச் சம வாய்ப்பே. நீண்ட ரகசியத்துக்கு ஒவ்வோர் இலக்கத்தையும் புதிய தாவலோடு தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். சோம்பலில் ஒரே தாவலை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால், ஓர் இலக்கம் கசிந்தாலும் ஒரு பங்கோடு சேர்த்து மற்றவை உடையும். பங்கு 10 என்று வந்தால் பாட்டில் எழுத ஒதுக்கி வைத்த ழகரம் உதவும்.

இந்த முறையின் ஓட்டை எழுத்தாளருக்கு வரம். இருவர் கூடும்போது ஒருவர் பொய்ப் பங்கைச் சொன்னால் தவறான எண்ணே கிடைக்கும், கிடைத்ததும் அது தவறென்று தெரியாது. மூன்றாமவரும் வந்தால் மூன்றும் ஒத்துப்போகவில்லை என்பது தெரியும், பொய் யாருடையது என்பது அப்போதும் தெரியாது. களஞ்சியத்தின் மேல்தளத்தில், மூன்று பேரையும் ஒரே விளக்கைச் சுற்றி உட்காரவைத்து, அவர்கள் வட்டத்தில் எண்ணத் தொடங்கும் இடத்தில் உங்கள் நடு அத்தியாயத்தை வையுங்கள்.