இணையவழிக் குடும்ப வரலாற்று மாநாடு: பேச்சாளர்களையும் கலைஞர்களையும் ஏற்பாடு செய்யும் முறை

டர்பன், போர்ட் லூயிஸ், கோலாலம்பூர், ஹட்டன், டொராண்டோ என்று பரவிக் கிடக்கும் தமிழ்க் குடும்பங்கள் வேர் தேடி ஒரே திரையில் கூடும் மாநாடுகள் இப்போது பெருகிவருகின்றன. பேச்சாளருக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிட்டு, கூத்துக் கலைஞரை "இடையில் அஞ்சு நிமிஷம் பாடிட்டுப் போங்க" என்று கூப்பிடும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். தோட்டத்துத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஊர்ப்பெயர், கங்காணி, கப்பல் எல்லாம் வரும். பாடுகிறவரும் ஆவணம் கொண்டுவருகிறவர்தான். அழைப்புக் கடிதம், ஒத்திகை, சன்மானம் மூன்றும் இரு தரப்புக்கும் ஒரே தரத்தில் இருக்கட்டும்.

நாளும் நேரமும்

அழைப்பைப் பத்து வாரம் முன்பே அனுப்புங்கள். 1834-இல் ஒப்பந்தக் கூலிகள் மொரீஷியஸில் இறங்கிய நினைவாக நவம்பர் 2 அங்கே பொது விடுமுறை. முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் 1860-இல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த நாள் நவம்பர் 16. இந்த நாள்களை ஒட்டி அந்தந்த நாட்டுப் பேச்சாளர்கள் உள்ளூர் நிகழ்ச்சிகளில் இருப்பார்கள். தமிழ்நாட்டுக் கூத்து, நையாண்டி மேளக் கலைஞர்களுக்குப் பங்குனியிலிருந்து ஆடிவரை கோயில் கொடைக் காலம். விடிய விடிய ஆடியவரை மறுநாள் மாலை திரை முன் உட்கார வைப்பது நியாயமில்லை.

இந்திய நேரம் சனி மாலை 6.30 பெரும்பாலோருக்குப் பொருந்தும். அப்போது டர்பனில் பிற்பகல் 3, மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் மாலை 5, மலேசியாவில் இரவு 9, டொராண்டோவில் குளிர்காலமென்றால் காலை 8. ஃபிஜியில் ஞாயிறு அதிகாலை 1 ஆகிவிடும்; அங்கிருந்து பேசுபவரின் உரையை முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரம் மாறும், பிரிட்டனில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும். அதனால் "இந்திய நேரம் 6.30" என்று மட்டும் எழுதாமல், ஒவ்வொருவருக்கும் அவர் ஊர் நேரத்தையும் கிழமையையும் எழுதி அனுப்ப வேண்டும்.

பேச்சாளருக்குச் சொல்ல வேண்டியவை

"புலம்பெயர்ந்த தமிழர் வரலாறு" போன்ற அகன்ற தலைப்பு வேண்டாம். கேட்டவர் மறுநாளே செய்து பார்க்கும்படி ஒரு வேலையைக் கேளுங்கள். நேட்டால் (டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்கப் பகுதி) கப்பல் பட்டியலில் ஒரு வரியைப் படிப்பது எப்படி என்பது நல்ல தலைப்பு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் அங்கே பதிவுக்காகக் கொடுத்த தனித்தனிக் காலனி எண் உண்டு. பட்டியலில் தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் என்று வரிசையாக இருக்கும். அதேபோல, மொரீஷியஸில் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்தத் துறைக் கோப்பைத் தேடுவது என்று ஒவ்வொன்றையும் தனி உரையாக்கலாம். உரை 30 நிமிடம், கேள்விக்கு 15 நிமிடம். அதற்கு மேல் திரையில் யாரும் கவனமாக இருப்பதில்லை.

ஸ்லைடுகள் பத்து நாள் முன்பு கைக்கு வந்துவிட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவை இன்னொருவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், பிடிஎஃப் நகலும் வாங்கி வையுங்கள். கப்பல் பட்டியலின் முழுப் பக்கத்தைக் காட்டினால் கைபேசியில் பார்ப்பவருக்கு ஒரு எழுத்தும் புரியாது. முழுப் பக்கம் சில நொடி, பிறகு வேண்டிய வரியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிய படம். டர்பனில் நான்காம் தலைமுறையினர் பலருக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது என்பதால் ஊர், ஆள் பெயர்கள் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

சாதிக் கட்டத்தை மறைத்துவிட்டுக் காட்டும்படி கண்டிப்பாகச் சொல்லுங்கள். அந்த வரியிலுள்ளவரின் கொள்ளுப் பேத்தி கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவர் சொல்லாத ஒன்றை இருநூறு பேர் முன் நாம் சொல்ல உரிமையில்லை. குடும்பம் சம்மதித்தால் மட்டும் காட்டலாம். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, டிஎன்ஏ முடிவு எதுவும் திரைக்கு வரக் கூடாது.

கேள்வி நேரத்தில் "எங்க தாத்தா ஊரைக் கண்டுபிடிச்சுத் தாங்க" என்று பத்துப் பேர் கேட்பார்கள். யாராலும் அந்த நேரத்தில் தேடித் தர முடியாது. ஒரு படிவத்தில் முன்னோர் பெயர், இறங்கிய துறைமுகம், ஏறத்தாழ எந்த ஆண்டு, தெரிந்தால் கப்பல் அல்லது காலனி எண் ஆகியவற்றை முன்பே வாங்கி, ஐந்து நாள் முன்பு மூடிவிடுங்கள். எல்லோருக்கும் பயன்படும் மூன்றைப் பேச்சாளரே தேர்ந்து விளக்கட்டும்.

கலைஞர்களுக்கான ஒலி

அதிகம் கெடுவது இங்கேதான். ஸூம் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. இடைவிடாது ஒலிக்கும் சுருதிப் பெட்டியை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். பறையின் முதல் அடிக்கு ஒலியளவைத் தானாகக் குறைத்து அடுத்த அடிகளை விழுங்கிவிடும். கலைஞரின் மடிக்கணினியில் செட்டிங்ஸுக்குள் ஆடியோ பகுதிக்குப் போய் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அதிலேயே ஹை ஃபிடிலிட்டி முறையை இயக்கி, எதிரொலி நீக்கத்தை அணையுங்கள். கூட்டத்துக்குள் வந்த பிறகு மேல் மூலையில் அதற்கான பொத்தானையும் அழுத்த வேண்டும். பலர் இதை மறந்துவிடுவார்கள். எதிரொலி நீக்கம் இல்லாததால் நிகழ்ச்சி முடியும்வரை கலைஞர் பக்கத்து ஸ்பீக்கர் ஊமையாக இருக்கட்டும், மற்ற எல்லோருடைய மைக்கும் அணைந்திருக்கட்டும்.

இரண்டு ஊர்களில் இருப்பவர்கள் சேர்ந்து பாடவோ தாளம் போடவோ முயலவே வேண்டாம். ஒலி போய்ச் சேரும் தாமதத்தால் தாளம் நிற்காது.

வில்லுப்பாட்டில் வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் ஒரே மைக்கில் வர வேண்டும். பாடும் புலவருக்கு நேரே, ஒன்றரை மீட்டர் தள்ளி, குடத்தைவிட வாய்க்குப் பக்கமாக மைக்கை வையுங்கள். பறைக்கு மூன்று மீட்டராவது தள்ளி, முடிந்தால் திறந்தவெளியில். சிமெண்ட் அறையில் ஓசை முழங்கிச் சொல் எதுவும் கேட்காது.

கிராமத்திலிருந்து வரும் குழுவுக்கு எங்கள் பரிந்துரை, 10 முதல் 12 நிமிட நிகழ்ச்சியை முன்பே பதிவு செய்து ஒளிபரப்பிவிட்டு, அவர்களை நேரலையில் பேச வைப்பதுதான். கைபேசியைப் படுக்கை வாக்கில் முக்காலியில் பொருத்தி எடுங்கள். காணொளியை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் கூகுள் டிரைவ். ஒளிபரப்பும்போது 'ஷேர் சவுண்ட்' கட்டத்தைத் தேர்வு செய்யாவிட்டால் உங்களுக்கு மட்டும் பாட்டு கேட்கும், மற்றவர்களுக்கு ஊமைப்படம்தான்.

எதைப் பாடுவது என்பதையும் கலைஞரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். துக்கமில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவதைப் பலர் அமங்கலமாக நினைப்பார்கள். வீட்டுக்கு வெளியே ஓரிடம் பார்த்துக் கொடுங்கள், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். இலங்கை மலையகத்தின் காமன் கூத்து மாசியில் விரதத்தோடு ஆடுவது. மாநாட்டுக்காக ஒரு காட்சியைப் பிய்த்து ஆடச் சொல்வதைவிட, கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரைப் பாடல்களோடு விளக்கச் சொல்வது மேல்.

ஒத்திகை, பணம், அனுமதி

ஒத்திகை ஒரு வாரம் முன்பு, நிகழ்ச்சி நடக்கும் அதே மணிக்கு. மாலை நேர நெரிசலில் இணையம் எவ்வளவு இழுக்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட் இருந்தால் நல்லது. ரௌட்டருக்கு யுபிஎஸ், வேறு நிறுவன சிம் போட்ட இன்னொரு கைபேசி இரண்டும் தயாராக இருக்கட்டும்.

சன்மானத்தைக் குழுவிலுள்ள தலைகளை எண்ணிப் பேசுங்கள், பாதியை முன்பணமாகக் கொடுங்கள், டேட்டா செலவைத் தனியாகச் சேருங்கள். பதிவு எங்கே ஏறும், எத்தனை நாள் இருக்கும், யார் தரவிறக்கலாம் என்பதைத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யூடியூபில் நேரலை போவதானால், புதிய கணக்குக்கு அந்த வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். இடைவேளையில் சினிமாப் பாட்டுப் பதிவு எதையும் ஓடவிடாதீர்கள். பதிப்புரிமைச் சோதனையில் சிக்கினால் நேரலையே நின்றுபோகும்.