பச்சிளங்குழந்தையின் வலது இதயத்தை எக்கோவில் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியவர்களுக்கு டாப்ஸி (TAPSE) என்ற எக்கோ அளவு 17 மி.மீ.க்குக் கீழே இருந்தால் வலது கீழறை பலவீனம் என்று எழுதுவது வழக்கம். அந்த எண்ணோடு பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியுவுக்குள் நுழைந்தால் நலமாக இருக்கும் குழந்தைகளும் நோயாளிகளாகிவிடுவார்கள். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மூவிதழ் வால்வின் வளையம், கீழறை சுருங்கும்போது இதயத்தின் நுனியை நோக்கி நகரும் தூரமே டாப்ஸி. நிறைமாதக் குழந்தைக்கு அது சுமார் 9 மி.மீ., 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். கருவாரத்துக்கும் எடைக்கும் உரிய அட்டவணை இல்லாமல் தீர்ப்பு எழுதக் கூடாது. அந்த நகர்வை ஒரே கோட்டில் பதிவு செய்யும் எம்-மோடு முறையில், கோடு வளையத்தின் நகர்வுக்குச் சாய்வாக விழுந்தாலோ அளவு பெரும்பாலும் குறைந்தே வரும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வலது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் அளவுதான். கணக்கில் நுரையீரல் தமனி வால்வின் விட்டம் வர்க்கமாக (அதே எண்ணால் பெருக்கி) நுழைகிறது. 6 மி.மீ. விட்டத்தை 7 என்று குறித்தால், வெளியேற்றம் 36 சதவீதம் கூடிவிடும். ஒரு மில்லிமீட்டர் என்பது திரையில் கர்சர் லேசாக நகர்ந்த தூரம்! படத்தைப் பெரிதாக்கி, இதழ்கள் பொருந்தும் இடத்தில், சில துடிப்புகளில் அளந்து சராசரி எடுங்கள். மேலறைத் தடுப்பின் துளை வழியே இடமிருந்து வலமாக ரத்தம் பாய்ந்தால், இந்த எண் உடலுக்குப் போகும் ரத்தத்தைவிட அதிகமாகவே காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூவிதழ் வால்வில் கசிவு இல்லையென்றால் நுரையீரல் அழுத்தம் இயல்பு என்று முடிவு கட்டுவதும் பரவலான தவறு. கசிவு கிடைக்காத குழந்தைகள் பலர். கசிவின் வேகத்தைக் கொண்டு அழுத்தத்தை மதிப்பிட வழியில்லை என்பதே அதன் பொருள். அப்போது டக்டஸில் (நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குழாயில்) ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பு தட்டையாகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவு இருந்தாலும், ரத்தத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளர் வரைவு அரைகுறையாக இருக்கும்போது வேகத்தை ஊகித்துக் கணக்கிடுவதில் பயனில்லை. வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்குவதே அங்கு கணக்கு; வேகத்தில் சிறு பிழையும் அதில் பெரிதாகிவிடும்.

பிறை வடிவ வலது கீழறைக்கு இடது கீழறையின் சூத்திரங்கள் பொருந்தாது. கண்ணால் பார்த்து ‘நன்றாகச் சுருங்குகிறது’ என்று எழுதுவதும் போதாது.

பிறந்த முதல் நாட்களில் நுரையீரல் ரத்தநாளங்களின் தடை மளமளவென்று குறைகிறது. ஆகவே பிறந்து எத்தனை மணி நேரம், வென்டிலேட்டரின் அழுத்தம் எவ்வளவு, குழந்தை அழுததா என்பவற்றையும் அறிக்கையில் குறியுங்கள். அவை இல்லையென்றால் மறுநாள் எக்கோவை எதனுடன் ஒப்பிடுவது?