ஐபோன் காப்பு நகலை வேறு டிஸ்க்குக்கு மாற்றும் முறை

ஐபோனைக் கணினியில் இணைத்துக் காப்பு நகல் எடுப்பவர்களில் பலர், அந்த நகல் எங்கே போய்ச் சேருகிறது என்று யோசிப்பதே இல்லை. சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறி, போதிய இடம் இல்லை என்ற அறிவிப்பு திரையில் வரும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. விண்டோஸில் ஐபோனை நிர்வகிக்கும் ஐடியூன்ஸ், ஆப்பிள் டிவைசஸ் ஆகிய மென்பொருள்களும் மேக்கின் ஃபைண்டரும் காப்பு நகலைத் தமக்கென நிர்ணயித்த ஒரே கோப்புறையில்தான் வைக்கின்றன. அந்த இடத்தை மாற்றுவதற்கான தெரிவு அவற்றின் அமைப்புப் பக்கங்களில் கிடையாது. ஆயினும் இயங்குதளமே தரும் இணைப்பு வசதியைக் கொண்டு, நகலை வேறு டிஸ்க்கில் வைத்துவிட்டு, பழைய இடத்திலேயே அது இருப்பதாக மென்பொருளை எண்ண வைக்க முடியும். இந்த வேலை அரை மணி நேரத்திலோ, நகல் பெரிதாக இருந்தால் ஒரு மாலைப் பொழுதிலோ முடிந்துவிடும். வரிசை தவறினால் மட்டும், பல ஆண்டுப் படங்களும் செய்திகளும் ஒரே நொடியில் போய்விடக்கூடும் என்பதால், ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்று புரிந்துகொண்டு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நகல் இருக்கும் இடம்

விண்டோஸில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஐடியூன்ஸை நேரடி நிறுவல் கோப்பு வழியாக நிறுவியிருந்தால், உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதனுள் ரோமிங், அதனுள் ஆப்பிள் கம்ப்யூட்டர், அதனுள் மொபைல்சிங்க், கடைசியாக பேக்கப் என்ற வரிசையில் நகல் இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக ஐடியூன்ஸையோ ஆப்பிள் டிவைசஸையோ நிறுவியிருந்தால், பயனர் கோப்புறைக்குள் நேராக ஆப்பிள், அதனுள் மொபைல்சிங்க், அதனுள் பேக்கப் என்று பாதை சுருங்கிவிடும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால் எக்ஸ்ப்ளோரரில் சாதாரணமாகக் கண்ணில் படாது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறிய பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில், முன்னும் பின்னும் சதவீதக் குறி வைத்துத் தட்டினால் ரோமிங் கோப்புறை நேரே திறக்கும். ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர்களின் கணினியில் பழைய நகல் முதல் இடத்திலேயே தங்கி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம் என்பதால், இரண்டு இடங்களையும் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மேக்கில் இது எளிது. 2019இல் வெளிவந்த கேடலினா பதிப்பிலிருந்து காப்பு நகல் எடுக்கும் வேலை ஃபைண்டருக்கு வந்துவிட்டது. போனை இணைத்து, ஃபைண்டரின் பக்கப்பட்டியில் அதைத் தேர்ந்து, நகல்களை நிர்வகிக்கும் பொத்தானை அழுத்தி, பட்டியலில் ஒரு நகலின் மீது வலச்சொடுக்கினால் அதை ஃபைண்டரில் காட்டும் தெரிவு வரும். அது கொண்டுபோய் நிறுத்தும் இடம், உங்கள் ஹோம் கோப்புறையின் லைப்ரரிக்குள், அப்ளிகேஷன் சப்போர்ட்டுக்குள், மொபைல்சிங்க்கில் உள்ள பேக்கப்.

அந்த பேக்கப் கோப்புறையைத் திறந்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். உள்ளே போனின் பெயர் இருக்காது. எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட பெயருடைய கோப்புறைகள் இருக்கும். 2018க்கு முந்தைய மாதிரிகளில் அந்தப் பெயர் 40 எழுத்துகள் கொண்டது. ஐபோன் எக்ஸ்எஸ் முதலான மாதிரிகளில் அது சுருங்கி, எட்டாவது எழுத்துக்குப் பின் ஒரு சிறுகோட்டுடன் வரும். அது அந்தப் போனுக்கு மட்டுமே உரிய அடையாள எண். அதனுள்ளே 00 முதல் எஃப்எஃப் வரையிலான ஈரெழுத்துப் பெயர்களில் 256 வரை துணைக் கோப்புறைகளும், அவற்றில் படம் எது செய்தி எது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாத ஆயிரக்கணக்கான கோப்புகளும் இருக்கும். எந்தக் கோப்பு எதற்குரியது என்ற கணக்கு மேனிஃபெஸ்ட் என்ற தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. இதனால்தான் உள்ளே உள்ள எதையும் பெயர் மாற்றவோ, தனித்தனியாக நகர்த்தவோ, தேவையில்லை என்று நினைத்து ஒன்றிரண்டை அழிக்கவோ கூடாது. கணக்கும் கோப்பும் பொருந்தாமல் போனால் முழு நகலும் பயனற்றதாகிவிடலாம். நகல் எடுப்பதென்றாலும் நகர்த்துவதென்றாலும் கோப்புறையை முழுதாகவே கையாள வேண்டும்.

நகர்த்துவதற்கு முன் களைய வேண்டியவை

நீங்கள் கைமாற்றிவிட்ட பழைய போன்களின் நகல்கள் அங்கே இருந்தால், அவற்றை அந்த மென்பொருளின் பட்டியலிலிருந்தே நீக்குங்கள். ஐடியூன்ஸில் இந்தப் பட்டியல் விருப்பத்தேர்வுகளில் சாதனங்கள் என்ற பகுதியில் உள்ளது. அங்கே போனின் பெயரும் நகல் எடுத்த தேதியும் தெளிவாகத் தெரியும் என்பதால், எக்ஸ்ப்ளோரரில் ஊகித்து அழிப்பதைக் காட்டிலும் இது பாதுகாப்பானது. பலருக்கு இந்த ஒரு படியிலேயே தேவையான இடம் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்தால் மற்ற எதையும் செய்ய வேண்டியதில்லை.

ஒரு போனுக்கு வழக்கமாக ஒரே நகல்தான் இருக்கும், புதிதாக எடுக்கும்போது அதே நகல் புதுப்பிக்கப்படும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மேக்கில் ஒரு குறிப்பிட்ட நாளின் நகலை அப்படியே காக்க விரும்பினால், பட்டியலில் அதன் மீது வலச்சொடுக்கி ஆர்க்கைவ் செய்துவிடலாம். அதன் பிறகு எடுக்கும் நகல் அதன் மேல் எழுதாது.

எந்த டிஸ்க்கைத் தேர்வது

கணினிக்குள்ளேயே இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை, ஏனெனில் அது எப்போதும் இணைந்தே இருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் முறைகளில் விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ் முறையிலும் மேக்குக்கு ஏபிஎஃப்எஸ் முறையிலும் அமைத்திருக்க வேண்டும். ஃபேட்32 முறை வேண்டாம். 4 ஜிபியைத் தொடும் கோப்பை அது ஏற்காது, நீளமான ஒரு காணொளியே அந்த அளவைத் தாண்டிவிடும். பென் டிரைவையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இத்தனை ஆயிரம் சிறு கோப்புகளை எழுதுவதில் அது மிகவும் திணறும். ஒன்டிரைவ் போன்ற மேகச் சேவையுடன் ஒத்திசைக்கப்படும் கோப்புறைக்குள்ளும் வைக்காதீர்கள்; ஒவ்வொரு நகலுக்குப் பின்னும் பதிவேற்றம் ஓடிக்கொண்டே இருப்பதோடு, இடத்தை மிச்சப்படுத்த அச்சேவை சில கோப்புகளைக் கணினியிலிருந்து அகற்றி இணையத்தில் மட்டும் வைத்துவிடவும் கூடும்.

வெளி டிஸ்க் தொலைந்து போகக்கூடிய பொருள். மறையாக்கம் செய்யாத, அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டாத நகலில் உங்கள் செய்திகளும் படங்களும் தகுந்த மென்பொருள் வைத்திருக்கும் எவரும் படிக்கும் நிலையில்தான் இருக்கும். எனவே இடம் மாற்றும் முன்பே, உள்ளூர் நகலை மறையாக்கம் செய்யும் கட்டத்தில் குறியிட்டு ஒரு கடவுச்சொல் கொடுங்கள். இதில் கூடுதல் நன்மையும் உண்டு: சேமித்த கடவுச்சொற்கள், உடல்நலத் தரவு, அழைப்பு வரலாறு, வைஃபை அமைப்புகள் ஆகியவை மறையாக்கப்பட்ட நகலில் மட்டுமே சேர்க்கப்படுகின்றன. அந்தக் கடவுச்சொல் மறந்துபோனால் அந்த நகலைத் திறக்க வழியே இல்லை, ஆப்பிளாலும் முடியாது. ஆகவே அதைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க்கோடு சேர்க்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

விண்டோஸில் மாற்றும் முறை

ஐடியூன்ஸையோ ஆப்பிள் டிவைசஸையோ முழுவதுமாக மூடிவிட்டு, போனையும் கழற்றிவிடுங்கள். புதிய டிஸ்க்கில் புரியும் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் பேக்கப் கோப்புறையை முழுதாக நகலெடுத்து ஒட்டுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம். இடையில் கேபிள் அசைந்தாலும் மின்சாரம் போனாலும் பாதி அங்கும் பாதி இங்குமாகச் சிதறிவிடும். மிகப் பெரிய நகலாக இருந்தால் விண்டோஸிலேயே உள்ள ரோபோகாபி கட்டளை உதவும். இடையில் நின்றுபோனாலும் அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால் ஏற்கெனவே முடிந்தவற்றை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் தொடரும்.

நகலெடுத்து முடிந்ததும் இரண்டு கோப்புறைகளின் மீதும் வலச்சொடுக்கி, பண்புகள் பகுதியில் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம் என்று காட்டப்படும் எண் டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். கோப்புகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சரியாக இருந்தால் பழைய கோப்புறையை அழிக்காமல், அதன் பெயரோடு பழையது என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சேர்த்து மாற்றி வையுங்கள்.

இப்போது விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறக்க வேண்டும். பவர்ஷெல்லில் இந்தக் கட்டளை நேரடியாக வேலை செய்யாது. எம்கேலிங்க் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் (/) ஜே எழுத்தும் இட்டு, பிறகு இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் பேக்கப் என்று முடியும் பழைய இடத்தின் முழுப் பாதையையும், மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, மேற்கோள் குறிகளுக்குள் புதிய டிஸ்க்கில் உள்ள பேக்கப் கோப்புறையின் முழுப் பாதையையும் கொடுங்கள். பாதைகளில் இடைவெளியுள்ள பெயர்கள் வருவதால் மேற்கோள் குறிகளை விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையிலிருந்து பாதையை நகலெடுத்து ஒட்டினால் எழுத்துப் பிழைக்கு இடமிராது. ஜங்ஷன் (இந்த இணைப்பின் பெயர் அதுதான்) உருவாக்கப்பட்டது என்ற செய்தி வந்ததும், பழைய இடத்தில் பேக்கப் என்ற பெயரில் அம்புக்குறியுடன் ஒரு கோப்புறைச் சின்னம் தோன்றும். அதைத் திறந்தால் புதிய டிஸ்க்கில் உள்ளவையே தெரியும். ஜங்ஷன் அதே கணினியில் இணைந்துள்ள டிஸ்க்குகளுக்கு மட்டுமே பொருந்தும். வலையமைப்பில் உள்ள சேமிப்பகத்தை அதனால் சுட்ட முடியாது.

மேக்கில் மாற்றும் முறை

தத்துவம் ஒன்றே, கட்டளையில் பாதைகளின் வரிசை மட்டும் தலைகீழ். விண்டோஸில் இணைப்பு முதலிலும் உண்மையான இடம் அடுத்தும் வரும். மேக்கில் உண்மையான இடம் முதலில் வரும். இரண்டு கணினிகளையும் பயன்படுத்துபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

முதலில் கணினி அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று, மேக்கில் கட்டளைகளைத் தட்டும் செயலியான டெர்மினலுக்கு டிஸ்க் முழுவதையும் அணுகும் அனுமதியைக் கொடுங்கள். இல்லையெனில் மொபைல்சிங்க் கோப்புறையைத் தொட அதற்கு அனுமதி கிடைக்காது. பேக்கப் கோப்புறையை அதே பெயரிலேயே வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, சரிபார்த்து, பழையதன் பெயரை மாற்றிய பின் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எல், என், ஓர் இடைவெளி, சிறுகோடு, எஸ், மீண்டும் ஓர் இடைவெளி என்று தட்டுங்கள். பாதைகளைக் கையால் எழுத வேண்டியதில்லை. வெளி டிஸ்க்கில் உள்ள பேக்கப் கோப்புறையை ஃபைண்டரிலிருந்து இழுத்து டெர்மினல் சாளரத்தில் விடுங்கள். அதன் பாதை தானே எழுதப்படும். அடுத்து மொபைல்சிங்க் கோப்புறையை அதேபோல் இழுத்து விட்டு என்டர் அழுத்தினால், அதற்குள் பேக்கப் என்ற பெயரில் இணைப்பு உருவாகிவிடும்.

சோதனையும், எனக்கு நேர்ந்த ஒரு சிக்கலும்

போனை இணைத்து ஒரு புதிய நகல் எடுங்கள். போனின் திரையில் கடவுக்குறியீடு கேட்டால் கொடுக்க வேண்டும். நகல் முடிந்ததும் புதிய டிஸ்க்கில் உள்ள கோப்புறையின் மாற்றத் தேதி இன்றைய தேதியாகியிருக்கிறதா, மென்பொருளின் பட்டியலில் இன்றைய நகல் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு நகலும் தடையின்றி முடிந்த பிறகே பெயர் மாற்றி வைத்த பழைய கோப்புறையை அழிக்குமாறு நான் சொல்வேன். சி டிரைவில் இடம் உடனே வேண்டும் என்ற அவசரம் புரிகிறது, ஆனால் அந்த ஒரு வாரக் காத்திருப்புதான் தவறு நேர்ந்தால் திரும்பிப் போக இருக்கும் ஒரே பாதை.

நான் முதன்முறை இதைச் செய்தபோது இரண்டு மாதங்கள் எல்லாம் சரியாக நடந்து, ஒரு நாள் திடீரென்று நகல் எடுக்க முடியவில்லை என்ற செய்தி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கேபிளை மாற்றினேன், மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன், போனையும் அணைத்து எழுப்பினேன். காரணம் வேறெங்கோ இருந்தது. அன்று முதலில் ஒரு பென் டிரைவைச் செருகியிருந்தேன். அது ஈ எழுத்தைப் பிடித்துக்கொள்ள, ஹார்ட் டிஸ்க்குக்கு எஃப் எழுத்து கிடைத்திருந்தது. ஜங்ஷனோ ஈ டிரைவில் இல்லாத ஒரு கோப்புறையைச் சுட்டிக்கொண்டிருந்தது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு அகரவரிசையின் கடைசியில் உள்ள ஓர் எழுத்தை நிலையாக ஒதுக்கி, இணைப்பை மறுபடி உருவாக்கிய பின் அந்தச் சிக்கல் வரவே இல்லை. இதை நீங்கள் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். மேக்கில் இதற்கு ஈடான சிக்கல், வெளி டிஸ்க்கின் பெயரைப் பின்னாளில் மாற்றுவது. பெயர் மாறினால் இணைப்பு அறுந்துவிடும். டிஸ்க்கை இணைத்த பிறகே மென்பொருளைத் திறப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இடம் மாறிய நகல் இன்னமும் ஒற்றை நகல்தான் என்பதை மறக்க வேண்டாம். மேக் முழுவதையும் காப்பு நகல் எடுக்கும் டைம் மெஷினைப் பயன்படுத்துபவர்களுக்கு, முன்பு லைப்ரரிக்குள் இருந்த காப்பு நகலும் அதோடு சேர்ந்து காக்கப்பட்டு வந்தது. வெளி டிஸ்க்குக்கு மாற்றியதும் அது விடுபட்டுப் போகலாம். டைம் மெஷினின் விலக்குப் பட்டியலைத் திறந்து, அந்த டிஸ்க் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐகிளவுட் போட்டோஸ் இயக்கத்தில் இருந்தால், அங்கே ஏறிவிட்ட படங்கள் கணினி நகலில் சேர்வதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போன்களில் இத்தனை சுற்று வேண்டியதில்லை. சாம்சங் போன்களுக்கான ஸ்மார்ட் ஸ்விட்ச் மென்பொருளின் கணினிப் பதிப்பில், விருப்பத்தேர்வுகளுக்குள் காப்பு நகல் கோப்புறையை நேரடியாகவே மாற்றிக்கொள்ளலாம். மற்ற போன்களில் படங்களையும் ஆவணங்களையும் யூஎஸ்பி வழியாக நீங்கள் விரும்பும் டிஸ்க்குக்கே நகலெடுத்துவிடலாம்.

பழைய ஏற்பாட்டுக்கே திரும்ப நினைத்தால், முதலில் மென்பொருளை மூடுங்கள். விண்டோஸில் ஆர்எம்டிஐஆர் கட்டளையை, கூடுதல் குறி எதுவும் சேர்க்காமல், மேற்கோள் குறிகளுக்குள் இணைப்பின் பாதையுடன் கொடுத்தால் இணைப்பு மட்டும் நீங்கும், புதிய டிஸ்க்கில் உள்ள கோப்புகள் அப்படியே இருக்கும். மேக்கில் மொபைல்சிங்க்குக்குள் அம்புக்குறியுடன் தெரியும் பேக்கப் சின்னத்தைக் குப்பைத் தொட்டிக்கு இழுத்தால் போதும். பின்னர் வெளி டிஸ்க்கில் உள்ள பேக்கப் கோப்புறையை அதே பெயரில் பழைய இடத்துக்கு நகலெடுத்து, எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு மென்பொருளைத் திறந்தால், பட்டியலில் நகல் முன்போலவே தெரியும்.