பிள்ளை சொல்வதை நிறுத்திவிடும் வீடு: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு ஒன்பதரை மணிக்கு, 15 வயதுப் பையன் அப்பாவின் ஸ்கூட்டரை ஓசைப்படாமல் நிறுத்துகிறான். இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. முழங்காலில் பேண்ட் கிழிந்து ரத்தம் ஒட்டியிருக்கிறது. வாசலில் நிற்கும் அப்பாவின் முதல் கேள்வி "வண்டியை என்னடா பண்ணின?" என்பதாக இருந்தால், அடுத்த முறை விழும்போது அவன் வீட்டில் சொல்லமாட்டான். "அடி பலமா?" என்று கேட்டுக் காயத்தைக் கழுவிவிட்டு, கண்டிக்க வேண்டியதை மறுநாள் காலையில் கண்டிக்கலாம், கண்டிப்பு அதனால் குறைந்துவிடாது.

துருவித் துருவி விசாரித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்த ஸ்டாட்டின், கெர் ஆகிய இருவரும், பிள்ளைகளின் அன்றாட நடமாட்டம் பெற்றோருக்குத் தெரியவந்தது முதன்மையாகப் பிள்ளைகள் தாமாகவே சொன்னதால்தான், கண்காணிப்பால் அன்று என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். செல்போனைப் பிடுங்கி வாட்ஸ்அப்பைப் படிக்கும் தாய்க்கு ஒருநாள் செய்தி கிடைக்கலாம். மறுநாள் முதல் பிள்ளை அழித்துவிட்டுத்தான் போனை வைக்கும். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்பது பெற்றோரின் கடமை. அதற்குக் கிடைக்கும் பதில் உண்மையாக இருப்பது அந்த வீட்டின் பேச்சுவார்த்தையைப் பொறுத்தது.

கணவனும் மனைவியும் முகம்கொடுத்துப் பேசாத நாட்களில், "உங்க அப்பாகிட்டப் போய்ச் சொல்லு" என்று பிள்ளையைத் தூது அனுப்புவதும், "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று கையில் பணம் திணிப்பதும் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கின்றன. மறைப்பதை நாமே பழக்கிக் கொடுக்கிறோம்.

பிள்ளையோடு போட்ட சண்டைக்குப் பின் சமாதானமாக அவனிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பதை நான் மன்னிக்க முடியாத தவறு என்பேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

"செத்துப்போறேன்" என்று பிள்ளை சொன்னால், மிரட்டுகிறான் என்று தள்ளிவிடாதீர்கள். அன்றிரவு அவனைத் தனியே விடாமல், 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை உடனே அழையுங்கள். பிள்ளையே அழைக்க 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது என்பதையும், அந்த எண் தேவைப்படும் நாள் வருவதற்கு முன்பே, அவனிடம் சொல்லி வையுங்கள்.