பெங்களூருக்கு வந்தாச்சா? தீயணைப்புப் பயிற்சிக்கும் நேரம் ஒதுக்குங்கள்

பெங்களூருக்குக் குடிவரும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது வாடகை, அட்வான்ஸ், காவேரித் தண்ணீர் வருமா, ஆபீசுக்கு எந்த பஸ் என்பதைத்தான். அந்தப் பட்டியலில் தீயணைப்புப் பயிற்சியையும் சேர்க்கச் சொல்வேன். பிடிஎம் லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ நீங்கள் தங்கப்போகும் பிஜியை, அதாவது பேயிங் கெஸ்ட் விடுதியை, ஒருமுறை கவனித்துப் பாருங்கள். நாலைந்து மாடி, ஏறி இறங்க ஒரே படி, படிக்குக் கீழே மீட்டர் போர்டு, அதை ஒட்டி சார்ஜில் நிற்கும் ஸ்கூட்டர், தரைத்தளத்தில் கேஸ் சிலிண்டரோடு சமையலறை. சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் வந்து சேர நேரமாகும் என்று. அதுவரை அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில வெளிநாடுகளில் இருப்பதுபோல, ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக நடத்தும் தீயணைப்பு நிலையங்கள் இங்கே கிடையாது. கர்நாடகத் தீயணைப்பு மற்றும் அவசரச் சேவைகள் என்பது சம்பள ஊழியர்களைக் கொண்ட அரசுத் துறை. சாதாரண ஆள் உள்ளே நுழையும் வாசல் சிவில் டிஃபென்ஸ், அதாவது குடிமைப் பாதுகாப்புப் படை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் அமைப்பு அது. போர்க்காலத்தை மனதில் வைத்துத் தொடங்கினாலும், பின்னால் வந்த திருத்தத்தால் பேரிடர் வேலையும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. தீயணைப்பு, முதலுதவி, மீட்பு, ஆட்களை வெளியேற்றுதல் எல்லாவற்றிலும் அடிப்படைப் பயிற்சி உண்டு. ஹோம் கார்ட்ஸ் எனப்படும் ஊர்க்காவல் படையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் போலீசுக்குத் துணையாக பந்தோபஸ்துக்கும் போக்குவரத்துக்கும் நிற்பவர்கள்.

இடம் தேடி அலைய வேண்டியதில்லை. அல்சூர் ஏரியை ஒட்டிய அண்ணாசாமி முதலியார் சாலையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. எப்படியும் ஒருநாள் அங்கே போவீர்கள். மாநிலத் தீயணைப்புத் துறையின் தலைமையகமும், சிவில் டிஃபென்ஸ் அலுவலகமும் அதே சாலையில்தான். ஆதார், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், உள்ளூர் முகவரிக்கு வாடகை ஒப்பந்தத்தின் நகல், இவற்றை எடுத்துக்கொண்டு ஒரு வேலைநாளில் நேரில் போய் அடுத்த பயிற்சி அணி எப்போது என்று கேளுங்கள். 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் மை பாரத் இணையதளத்திலும் சிவில் டிஃபென்ஸ் தன்னார்வலராகப் பதிவு செய்யலாம். இருந்தாலும் நேரில் போவதையே பரிந்துரைப்பேன். முகம் தெரிந்த ஆளுக்குத்தான் போன் வரும்.

நாள் ஒதுக்க முடிந்தவர்கள் ஆப்த மித்ரா பற்றியும் கேட்டுவையுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய திட்டம் அது. 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 12 நாள் பயிற்சி. வெள்ளம், தேடுதல், மீட்பு எல்லாம் அதில் வரும். மாவட்ட நிர்வாகம் அணி சேர்க்கும்போது மட்டுமே நடக்கும்.

ஐடி கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஃப்ளோர் மார்ஷலாக, அதாவது ஆபத்து நேரத்தில் தன் மாடியில் இருப்பவர்களை வெளியேற்றும் பொறுப்பாளராக, இருக்க விரும்புகிறேன் என்று அட்மின் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள். அந்தப் பொறுப்புக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கும் அலுவலகங்களே அதிகம், உடனே சேர்த்துக்கொள்வார்கள். நிஜத் தீயணைப்பு சிலிண்டரைக் கையில் கொடுத்து, எரியும் தட்டின் முன்னால் நிறுத்திப் பழக்குவார்கள்.

இந்தப் பயிற்சிகளில் என்ன கற்றுத் தருவார்கள்? எரிபொருள், காற்று, வெப்பம் மூன்றும் சேர்ந்தால்தான் தீ, ஒன்றைப் பிரித்தால் அணையும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எந்த இடத்தில் எதைப் பிரிப்பது என்பதுதான் பயிற்சி. வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வாரி அடிக்கும். அடுப்பை நிறுத்தி, ஒரு தட்டால் மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் இருந்தால் போதும். கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906க்கு போன் செய்ய வேண்டும்.

சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டரைப் பலரும் பெரிதாக நம்பிவிடுகிறார்கள். வீட்டு உபயோக அளவில் இருக்கும் ஏபிசி பவுடர் சிலிண்டர் விடாமல் அழுத்தினால் அரை நிமிடம்கூட வராது. அதனால்தான் பின்னை இழுத்தபிறகு சுவாலையைக் குறிவைக்காமல் தீயின் அடியைக் குறிவைத்து, இடமும் வலமுமாக வீசச் சொல்லிப் பழக்குகிறார்கள். வெளியே போகும் வழி எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் அடங்காவிட்டால் கதவைச் சாத்திவிட்டு இறங்கிவிட வேண்டும். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி தீப்பிடித்தால் இந்த பவுடரை நம்பாதீர்கள், அணைந்ததுபோல் தெரிந்து மறுபடி பற்றும். ஆட்களை வெளியேற்றுவதுதான் அங்கே உங்கள் வேலை. மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போட வேண்டாம் என்று பிஜி உரிமையாளரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

ஹோஸ் பிடிப்பதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். 63 மில்லிமீட்டர் ஹோஸில் தண்ணீர் அழுத்தத்தோடு வரும்போது அது முரட்டுக் காளைபோலத் திமிறும். ஒருவர் பிராஞ்சை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் முனைக்குழாயை, பிடிக்க, இன்னொருவர் பின்னால் தாங்கிக்கொள்ள வேண்டும். அபார்ட்மெண்டின் ஒவ்வொரு மாடியிலும் சுற்றி வைத்திருக்கும் ஹோஸ் ரீலை ஒருவரே இழுத்துப் பயன்படுத்தலாம். உங்கள் மாடியில் இருப்பதில் தண்ணீர் வருகிறதா என்று அசோசியேஷனிடம் கேட்டு, திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நெருப்பைவிடப் புகைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் மின்கம்பிகள் செல்லும் குழாய்ப்பாதையில் பற்றிய தீயின் புகை மாடிகளை நிறைத்தது. அவசர வழிகள் பூட்டிக் கிடந்தன. மூச்சு முட்டியும், தப்பிக்க மேலிருந்து குதித்தும் 9 பேர் இறந்தார்கள். அவர்களை இழந்த குடும்பத்தினர் சேர்ந்து தொடங்கிய பியாண்ட் கார்ல்டன் அமைப்பு தீப்பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக இன்றும் உழைக்கிறது. பயிற்சியில் தரையோடு தவழ்ந்து போகவும், கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கவும், லிஃப்டைத் தொடாதிருக்கவும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். சலிக்காமல் செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

வகுப்பு பெரும்பாலும் கன்னடத்தில், நடுநடுவே இங்கிலீஷில் நடக்கும். பயந்து பின்வாங்காதீர்கள். பெங்கி என்றால் தீ, ஹொகெ என்றால் புகை, நீரு என்றால் தண்ணீர், கெளகெ என்றால் கீழே. 'ஒளகெ யாராத்ரூ இத்தீரா?' என்றால் உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பது. இதை உரக்கக் கத்தப் பழகுங்கள். ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன், விவேக்நகர் பக்கம் இருந்தால் இதையே தமிழிலும் கத்துங்கள், அங்கெல்லாம் நம் ஆட்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள்.

வேலைக்காக இதைப் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ, வளைகுடா வேலை உறுதி என்று போஸ்டர் ஒட்டும் இடங்களில் பணம் கட்டுமுன், அந்தச் சான்றிதழை யார் ஏற்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசின் தேசியத் தீயணைப்புக் கல்லூரி நாக்பூரில் இருக்கிறது. அங்கே சப் ஆபீசர் பயிற்சியும், தீயணைப்புப் பொறியியல் பட்டப்படிப்பும் உண்டு. சிவில் டிஃபென்ஸ் பயிற்சிச் சான்றிதழ் இவற்றுக்கு ஈடாகாது.

தீக்காயத்துக்கு முதலுதவியும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் உள்ள ரெட் கிராஸில் விசாரிக்கலாம். பட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேனா மை, இட்லி மாவு, பற்பசை எதுவும் கூடாது. பெரிய காயமென்றால் விக்டோரியா மருத்துவமனையின் மகாபோதி தீக்காயப் பிரிவுக்கு.

இப்போதைக்குப் பயிற்சிக்கு நேரமில்லை என்றால் ஏப்ரல் 14 முதல் 20 வரை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்குப் போங்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக நாடெங்கும் தீயணைப்பு வாரம் நடக்கிறது, செயல்விளக்கங்களும் இருக்கும். பருத்தி உடையும் ஷூவும் அணிந்து போங்கள். அவசரமென்றால் 101 அல்லது 112. ஏரியா, எத்தனையாவது மெயின் ரோடு, எத்தனையாவது கிராஸ் ரோடு, பக்கத்து அடையாளம், எத்தனையாவது மாடி, உள்ளே எத்தனை பேர் என்று அந்த வரிசையில் சொல்லுங்கள்.